வெள்ளித்தாள் எந்தப் பக்கம்?

கையுறை போடாமல் கண்ணாடிப் பஞ்சைத் தொட்டால் அரிக்கும் என்று, வெப்பத்தடுப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல் நாள் சாயங்காலம் குளிக்கப் போகும்போது உடம்பே சொல்லிவிடும். ரோலை எப்படி வெட்டுவது, டேப்பை எப்படி இழுப்பது, சிலிங் சட்டத்தில் எங்கே முழங்காலை வைத்தால் உடையாது, இதெல்லாம் மூன்று மாதத்தில் கைக்குப் பழகிவிடும். கை பழகிய பிறகுதான் ஆபத்து. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் போன வருஷம் ஓய்வு பெற்றேன். கூலிம் ஊரில் தொழிற்சாலை ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண், வெப்பத்தடுப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர் கிராணியாக வந்தேன். சாமான் கணக்கு எழுதப் போன இடத்தில் சாமானையே படிக்க ஆரம்பித்தேன். எந்தப் பஞ்சு எவ்வளவு சூட்டைத் தாங்கும், எது தண்ணீர் பட்டால் வீணாகும் என்று நான் சொல்லும் நிலைக்கு வந்தபோது முதலாளி என்னை சைட்டுக்கு அனுப்பினார். கடைசிப் பதினைந்து வருஷம் சூப்பர்வைசர். என் கேங்கில் ஆறு ஆண்கள். பெண் பிள்ளை கூரை ஏறி வேலை சொல்வதா என்று முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. ஆனால் நான் ஒரு தடவை தடுமாறினால் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் தடுமாறாத மாதிரியே பேசப் பழகிக்கொண்டேன். அதுதான் என் முதல் தப்பு.

ஜித்ராவில் ஒரு டயாலிசிஸ் மையம் திறந்தார்கள். நம்ம ஆட்கள் ரத்தம் கழுவுற இடம் என்பார்களே, அது. பழைய பர்னிச்சர் கடை. ஒரே தளம், தகரக் கூரை. உள்ளே பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு மெஷின். கூரையில் இருந்து இறங்கும் சூட்டை நிறுத்த வேண்டும், அறையைக் குளிர்விக்கும் ஏர்கோன் திணறக்கூடாது என்றார்கள். பார்த்தேன், அளந்தேன். சிலிங் பலகைகளுக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு விரிப்பது என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டி ரோலாக வருமே, அதே பஞ்சு.

வெள்ளித்தாளைக் கீழே பார்க்க வைத்து விரிக்கச் சொன்னேன். அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் அப்படித்தான். கூலிம் பக்கம் எத்தனை தொழிற்சாலைக் கொட்டகை, எத்தனை கிடங்கு. தகரத்துக்கு அடியில் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் வெள்ளித்தாள். பத்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் பளபளவென்று இருக்கும்.

என் கேங்கில் முனியாண்டி அண்ணன் என்று ஒருவர். என்னைவிட எட்டு வயது பெரியவர். அதிகம் பேச மாட்டார். ஜித்ராவில் முதல் ரோலைப் பிரித்தபோது ஏணியில் நின்றபடி கேட்டார்.

"தங்கச்சி, தாளு கீழேயா?"

"ஆமாண்ணே. எப்பவும் போலத்தான்."

"கொட்டகையில சரி. இது ஏர்கோன் ரூம்லா. கீழ நல்லா குளிரும். தாளு குளிர்ந்த பக்கமா வந்துருதே."

மற்ற ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் சொன்னதில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. ஐந்து பேர் பார்க்கிறார்கள் என்பதைத்தான் யோசித்தேன்.

"அண்ணே, நான் பாத்துட்டுத்தான் சொல்றேன். போடுங்க."

அவர் போட்டார். மூன்று நாளில் வேலை முடிந்தது. நல்ல சுத்தமான வேலை. மையத்தைத் திறந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் அங்கிருந்து போன் வந்தது. தலைமை நர்ஸ் சிஸ்டர் பிலோமினா பேசினார். பாடாங் செராய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர். குரலை உயர்த்திப் பேச மாட்டார்.

"சாந்தா, சிலிங்ல ரெண்டு மூணு இடத்துல தண்ணி சொட்டுது. மழையும் இல்ல."

நான் அப்போது பெண்டாங்கில் ஒரு அரிசிக் கிடங்கில் நின்றுகொண்டிருந்தேன். யோசிக்கக்கூட இல்லை. "ஏர்கோன் பைப் வேர்க்குது சிஸ்டர். ஏர்கோன் காரரக் கூப்பிடுங்க" என்றேன். போனை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

தண்ணீர் சொட்டினால் ஏர்கோன்காரர் மேல் போடுவது நம் தொழிலில் பழைய வழக்கம். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் நாக்கு தானாக அதைச் சொல்லிவிடுகிறது. ஏர்கோன்காரர் போய்ப் பைப்பையெல்லாம் பிரித்து, புதிதாகச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தார். பாவம், ஒரு நாள் முழுக்க அந்தச் சூட்டில் தவழ்ந்திருக்கிறார்.

அடுத்த வாரம் மறுபடி போன். இந்த முறை சிஸ்டர் ஒரே வாக்கியம்தான் பேசினார். "ஒரு பலகை பிஞ்சு விழுந்துருச்சு, நீங்க நேர்ல வாங்க."

போனேன். முனியாண்டி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஈரத்தில் ஊறி, மூலை பிய்ந்து, கைக்குட்டை அளவு ஒரு துண்டு ஆறாம் நாற்காலிக்கும் ஏழாம் நாற்காலிக்கும் நடுவில் விழுந்திருந்தது. பெருக்கி எடுத்து ஒரு தட்டில் எனக்காக வைத்திருந்தார்கள். ஆறாம் நாற்காலியில் மணியம் அண்ணன் இருந்தார். லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், சர்க்கரையில் கிட்னி போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் அந்த நாற்காலி. கையில் இருந்து ரெண்டு குழாய் மெஷினுக்குப் போகிறது. ஒன்றில் ரத்தம் வெளியே போகிறது, மற்றதில் திரும்பி வருகிறது. அந்தத் துண்டு அரை அடி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் எதன் மேல் விழுந்திருக்கும் என்று நான் அளந்து பார்த்தேன். கண்ணால்தான். அளவு டேப்பை எடுக்க மனம் வரவில்லை.

காலை வேளை முடியும் நேரம், பத்தரைக்கு, சிலிங்குக்கு மேலே ஏறினேன். தகரம் கொதித்தது. தவழ்ந்து ஆறாம் நாற்காலிக்கு மேலே வந்து பஞ்சின் மேல் கையை வைத்தேன். காய்ந்திருந்தது, சூடாக இருந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிறகு கையைப் பஞ்சுக்குள் அழுத்தினேன். ரெண்டு விரல் ஆழத்தில் வெதுவெதுப்பு. நாலு விரல் ஆழத்தில் ஈரம். அடியில் வெள்ளித்தாளைத் தொட்டபோது ஜில்லென்று தண்ணீர் தேங்கி நின்றது. கையை வெளியே எடுத்தால் மணிக்கட்டு வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கடையில் தே ஓ ஐஸ், அதாவது பாலில்லாத ஐஸ் தேத்தண்ணி, வாங்கி மேசையில் வைக்கிறீர்கள். ஐந்து நிமிஷத்தில் கிளாஸுக்கு வெளியே தண்ணீர் வழிகிறது. கிளாஸ் ஓட்டையா? இல்லை. நம்ம ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. இங்கே அந்தக் குளிர்ந்த கண்ணாடி நான் விரித்த வெள்ளித்தாள். கூரைக்கு அடியில் இருக்கும் ஈரக் காற்று பஞ்சுக்குள் சுலபமாக இறங்கும், பஞ்சு அதைத் தடுக்காது. இறங்கி, ஏர்கோன் குளிரில் ஜில்லிட்டிருக்கும் தாளைத் தொடுகிறது. தண்ணீராகிறது. தாள் மேல் தேங்குகிறது. இணைப்பு இருக்கும் இடத்தில் சொட்டுகிறது. கொட்டகைகளில் கீழே ஏர்கோன் இல்லை, தாள் ஒருநாளும் குளிரவில்லை, அதனால் பத்து வருஷமும் பளபளப்பு. இங்கே தாள் மேலே இருந்திருக்க வேண்டும். சூட்டுப் பக்கம். ஈரக்காற்றை வாசலிலேயே நிறுத்தும் கதவாக. நான் கதவைக் கொண்டுபோய் வீட்டின் பின்சுவரில் மாட்டிவிட்டேன்.

முனியாண்டி அண்ணன் எனக்குப் பின்னால் தவழ்ந்து வந்தார். அவரும் கையை விட்டுப் பார்த்தார். எடுத்தார். சட்டையில் துடைத்துக்கொண்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எறங்குவோம் தங்கச்சி, மூச்சு முட்டுது" என்றார்.

ஏணியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு பேச்சு தயாரானது. பைப் சரியாகச் சுற்றவில்லை. காற்றோட்டம் போதவில்லை. கட்டடம் பழசு. கடைசிப் படியில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"ஏர்கோனா?"

"இல்ல சிஸ்டர். என் தப்பு. பஞ்ச திருப்பிப் போட்டுட்டேன். போன வாரம் போன்ல சொன்னதும் தப்பு."

அவர் முகம் மாறவில்லை. "தப்ப பத்தி அப்புறம் பேசிக்கலாம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பன்னெண்டு பேர் வருவாங்க. மேல இருந்து அவங்க மேல எதாச்சும் விழுமா விழாதா? அத மட்டும் சொல்லுங்க."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த மாதிரிக் கேள்வி உங்களுக்கும் வரும். கேட்பவர் பயந்திருப்பார். விழாது என்று சொல்லத் தோன்றும். சொன்னால் ரெண்டு பேருக்கும் நிம்மதி. ஆனால் எனக்குத் தெரியவில்லை. "தெரியல சிஸ்டர். ஒரு மணி நேரம் குடுங்க. பாத்துட்டு சொல்றேன்" என்றேன்.

காலை வேளை முடிந்து மத்தியான வேளை தொடங்குவதற்குள் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நானும் முனியாண்டி அண்ணனும் ஒவ்வொரு பலகையாக அடியில் இருந்து விரலால் அழுத்திப் பார்த்தோம். ஏழு பலகை மெத்தென்று இருந்தது. அந்த ஏழையும் இறக்கினோம். மேலே இருந்த ஈரப் பஞ்சை அங்கேயே பையில் கட்டினோம், ஒரு இழை கீழே சிந்தவில்லை. ஓட்டைகளைக் கனமான பிளாஸ்டிக்கால் மூடினோம். "இன்னைக்கும் நாளைக்கும் எதுவும் விழாது. சொட்டு நிக்காது" என்றேன். அது உண்மை. அவ்வளவுதான் உண்மை.

"சொட்டையும் நிறுத்தணும்" என்றார் சிஸ்டர்.

அதற்கு விடை என்னிடம் இல்லை. மணியம் அண்ணனிடம் இருந்தது. கையில் கட்டுப்போட்டு, வீட்டுக்குப் போக மகனின் காருக்குக் காத்திருந்தார். காலில் கம்பளிக் காலுறை, தோளில் போர்வை. பகல் பன்னிரண்டு மணிக்கு, ஜித்ரா வெயிலில்.

"ஏண்ணே இந்த வெயில்ல போர்வை?" என்று கேட்டேன்.

"உள்ள உக்காந்து பாரும்மா. ரத்தம் வெளிய போயிட்டு வந்தா எலும்பு வரைக்கும் குளிருது. இந்த ஏர்கோன கொஞ்சம் கொறைங்கன்னு அஞ்சு மாசமா சொல்லிட்டு இருக்கோம். எல்லாருமேதான். யாரு கேக்குறா?"

சுற்றிப் பார்த்தேன். எல்லா நாற்காலியிலும் ஒரு போர்வை மடித்து வைத்திருந்தது. நான் வேலைக்கு அளவெடுக்க வந்தபோது அறை எத்தனை அடி, கூரை எவ்வளவு உயரம், எத்தனை விளக்கு என்று எல்லாம் கேட்டேன். உட்காரப் போகிறவர்களுக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. ஏர்கோன் இருபது டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது.

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் டாக்டரையும் மெஷின் பார்க்கும் ஆளையும் போனில் கேட்டார். மெஷினுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததும் இருபத்தாறுக்கு வைத்தார். நர்ஸுகளுக்குத்தான் வேர்த்தது. மறுநாள் சாயங்காலம் சொட்டு மெலிந்தது, மூன்றாம் நாள் நின்றது. நோய் தீரவில்லை, மேலே பஞ்சு இன்னும் ஊறித்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு வேலை செய்ய நேரம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் முதலாளிக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்தவர்.

"ரிப்போர்ட்ல ஏர்கோன்னு எழுது சாந்தா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"எழுதுனா அவரு மறுபடியும் பைப்ப சுத்துவாரு சார். மறுபடியும் சொட்டும். அடுத்த பலகை யார் மேலயாச்சும் விழும்."

"உன் பேரு கெட்டுப் போகும்."

"கெட்டுப் போச்சு சார். இப்ப சிலிங்க பாப்போம்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் ரிப்போர்ட்டை எழுதினேன். பஞ்சு தண்ணீர் குடித்திருக்கிறது, தாளைக் கீழே வைத்து விரித்தது தப்பு, அது சூப்பர்வைசர் முடிவு, வேலையாள் ஒருவர் எச்சரித்தும் கேட்கவில்லை. கடைசி வரியை எழுதிவிட்டு ரெண்டு தடவை அடிக்கப் பார்த்தேன். விட்டுவிட்டேன். ஏர்கோன்காரர் கடைக்கும் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு சீனர், மலாயில்தான் பேசிக்கொள்வோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தன் இருபது வருஷத் தொழிலில் பஞ்சுக்காரர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு வருவது இதுதான் முதல் தடவை என்றார். இணைப்பில் ஒட்டும் டேப் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினார். அதுவும் நல்ல டேப்.

மையம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மூடும். நோயாளிகளை வேறு இடத்துக்கு அனுப்ப வழியில்லை, அலோர் ஸ்டாரில் நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. ஒரு தவணை தள்ளிப்போட்டாலே உடம்பில் தண்ணீர் ஏறிவிடும். அதனால் நாலு நாற்காலிக்கு ஒரு பகுதி என்று அறையை மூன்றாகப் பிரித்தேன். ஒரு ஞாயிறுக்கு ஒரு பகுதி. காலையில் பிரித்து, ஈரத்தைத் துடைத்து உலர்த்தி, புதுப் பஞ்சைத் தாள் மேலே பார்க்க விரித்து, எல்லா இணைப்பையும் டேப் போட்டு, மூன்று மணிக்குள் மூடிக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு நர்ஸுகள் கிருமிநாசினி போட்டுத் துடைப்பார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆள் வந்துவிடும்.

முதல் ஞாயிறு நினைத்தபடி முடிந்தது.

ரெண்டாவது ஞாயிறு. காலை எட்டுக்கே நடுப் பகுதியைப் பிரித்துவிட்டோம். பழைய பஞ்செல்லாம் பையில். அது திரும்ப உதவாது, பிழிந்தால் ஒழுகும். ஒன்பதரைக்கு லோரி வந்தது. கதவைத் திறந்தால் பஞ்சு இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் ரோல். கையில் எடுத்தால் காற்று மாதிரி லேசு. முதலாளியைப் போனில் கூப்பிட்டேன்.

"பஞ்சு தண்ணி குடிக்குதுன்னு நீதானே எழுதுன?" என்றார். "ஃபோம் குடிக்காது. மேல கீழன்னு பாக்க வேண்டாம், ரெண்டு பக்கமும் தாளு. அரிக்காது. ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாம்."

அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஃபோம் தண்ணீர் குடிக்காதுதான். ஒரு நிமிஷம் எனக்கே ஆசை வந்தது. ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தீக்குச் சோதித்ததாக எங்கேயும் ஒரு வரி இல்லை. கம்பெனிப் பேர்கூட இல்லை.

முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். கேங்கில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நீங்க என்னா நெனக்கிறீங்க?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு, "கொளுத்திப் பாத்துருவோம்" என்றார்.

கார் நிறுத்தும் இடத்தில் சிமெண்ட் தரையில் கையகலத் துண்டு ஒன்றைச் செங்கல் மேல் சாய்த்து வைத்தோம். அவர் லைட்டரைக் காட்டினார். வெள்ளித்தாள் முதலில் சுருண்டது. பிறகு உள்ளே இருந்து மஞ்சளாக எழுந்தது. லைட்டரை எடுத்த பிறகும் நிற்கவில்லை. உருகிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது, விழுந்த ஒவ்வொரு சொட்டும் தரையிலும் எரிந்தது. கறுப்புப் புகை. எல்லா ஃபோமும் இப்படி இல்லை, தீயை வளரவிடாமல் செய்த ஃபோமும் உண்டு, அதை நானே பல இடத்தில் போட்டிருக்கிறேன். இது அது இல்லை.

சிஸ்டர் பிலோமினா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் வந்தார். இன்னும் எரிந்துகொண்டிருந்த சொட்டைச் செருப்பால் அணைத்தார்.

"ஒரு ஆள மெஷின்ல இருந்து கழட்ட எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா சாந்தா?" என்றார். "எவ்வளவு அவசரமா கழட்டுனாலும் நேரம் ஆகும். பன்னெண்டு பேர். நாங்க நாலு பேர். அதுல பாதிப் பேரு நடக்க முடியாதவங்க."

முதலாளிக்கு மறுபடி போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர், "சரி. இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் போட்டு மூடு. அடுத்த ஞாயிறு பஞ்சு அனுப்புறேன், மாத்திடலாம்" என்றார்.

தொழிலில் நான் கேட்டதிலேயே மிக ஆபத்தான வார்த்தை அதுதான்: ஒரு வாரத்துக்கு மட்டும். சிலிங்குக்கு மேலே போனது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வாரம் வேறு அவசரம் வரும். 'ஒரு வாரத்துக்கு' என்று போட்டதைப் பன்னிரண்டு வருஷம் கழித்து நான் பிரித்து எடுத்திருக்கிறேன்.

"போட மாட்டேன் சார்."

"அப்ப பஞ்சுக்கு எங்க போவ? சப்ளையர் பிறைல. பினாங்குல இன்னைக்கு லீவு."

அதுதான் சிக்கல். நம்ம மாநிலத்தில் வெள்ளியும் சனியும் லீவு, பிறை இருக்கும் பினாங்கு மாநிலத்தில் சனியும் ஞாயிறும். நாங்கள் வேலை செய்யும் நாளில் அவர்கள் கடை பூட்டியிருக்கிறது. மணி பத்தரை. நாலு நாற்காலிக்கு மேலே சிலிங் திறந்து கிடக்கிறது. தகரத்தின் சூடு முகத்தில் அடிக்கிறது.

ஐந்து நிமிஷம் தனியாக ஏணியடியில் நின்றேன். அவசரமாக இருக்கும்போது நம் மனசு எதையாவது போட்டு மூடத்தான் பார்க்கும். காலியாக விடுவதும் ஒரு முடிவு என்று அதற்குத் தோன்றாது. நான் எனக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எந்தத் தப்பைத் திங்கட்கிழமை திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது? சூடு திருத்தக்கூடியது. தீ அப்படி இல்லை.

சிஸ்டரிடம் போனேன். "நடுப் பகுதிய வெறும் பலகையால மூடுறேன். பஞ்சு இல்ல. ஒரு வாரம் அந்த நாலு நாற்காலி சூடா இருக்கும். வேர்க்கும். ஆனா சொட்டாது, விழாது, எரியாது. அடுத்த ஞாயிறு நான் பஞ்சோட வரேன்."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "லோரில வந்தத என் கண்ணு முன்னால திருப்பி அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். "சரி. அங்க உக்காருறவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

கேங்கே சேர்ந்து இரண்டு மணிக்குள் புதுப் பலகைகளால் மூடினோம். கூலிம் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. நாளைக் காலை நாலு நோயாளிகளை வேர்வையில் உட்கார வைக்கப் போகிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சிஸ்டர் போன் செய்தார். நான் எழுந்து நின்றுகொண்டே எடுத்தேன்.

"என்னா சிஸ்டர், ரொம்ப சூடா?"

"நடு வரிசைக்குச் சண்டை" என்றார். "காலையில வந்த பன்னெண்டு பேர்ல ஏழு பேருக்கு அங்கதான் உக்காரணுமாம். மணியம் போர்வைய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டாரு."

செவ்வாய்க்கிழமை நானே பிறைக்குப் போய் பஞ்சைப் பார்த்து, லேபிளைப் படித்து, கையோடு ஏற்றிக்கொண்டு வந்தேன். மூன்றாவது ஞாயிறு நடுப் பகுதி, நாலாவது ஞாயிறு கடைசிப் பகுதி. ஒவ்வொரு இணைப்பிலும் நான் டேப் போட்ட பிறகு முனியாண்டி அண்ணன் கையால் தடவிப் பார்ப்பார். அவர் தலையை ஆட்டினால்தான் அடுத்தது. இது நானே வைத்த ஏற்பாடு. அடுத்த பெரிய வேலையை முதலாளி என்னிடம் தரவில்லை. ஐந்து மாதம் மறுபடி ஸ்டோரில் உட்கார்ந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் லேபிள் இல்லாத ஒரு ரோல்கூட ஸ்டோருக்குள் வரவில்லை. லோரிக்காரர்களை வாசலிலேயே திருப்பினேன். ஆறாம் மாதம் முதலாளி வந்து, "சைட்டுக்குப் போ, இங்க உன் தொல்லை தாங்கல" என்றார்.

நாலாவது ஞாயிறு முடிந்து ஒரு வாரம் கழித்து, காலை வேளையில் மையத்துக்குப் போனேன். ஏர்கோன் இருபத்துநாலு. மேலே ஏறி, ஒரு இணைப்பின் டேப்பைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஒட்டினேன். அடிவரை காய்ந்திருந்தது. இறங்கி வந்து சிஸ்டரிடம் சொன்னேன். "இன்னும் ஒரு மழைக்காலம் பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்றார். அதுதான் சரி.

ஏழாம் நாற்காலி மெஷின் சர்வீஸில் இருந்தது, நாற்காலி காலி. பக்கத்தில் மணியம் அண்ணன், குழாய்களோடு.

"உக்காரும்மா" என்றார். "சாஞ்சு உக்காரு. நாங்க எப்படி இருக்கோம்னு பாரு."

சாய்ந்தேன். அந்த நாற்காலியில் சாய்ந்தால் தலை தானாக மேலே பார்க்கிறது. எதிரே சுவர் தெரியவில்லை, ஜன்னல் தெரியவில்லை. சிலிங்தான். என் வேலைக்கு அடியில் நான் அப்படிப் படுத்துப் பார்த்ததே இல்லை.

"நாலு மணி நேரம்" என்றார் அவர். "வாரத்துக்கு மூணு நாளு. எங்களுக்கு டிவி இதுதான். ஒவ்வொரு பலகையும் மனப்பாடம். சரி, அந்த மூலையில மூணாவது பலகைய பாரு. கோடு நேரா இருக்கா?"

பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு தெரிந்தது. அரை விரல் அளவு சாய்வு. கீழே நின்று பார்க்கிற யாருக்கும் தெரியாது.

"இல்லண்ணே. கோணலா இருக்கு."

"அத பாத்துக்கிட்டே படுத்திருக்கோம் ஒரு வாரமா. பக்கத்து நாற்காலிக்காரரு சொன்னாரு, விடுப்பா, பாவம் அந்தப் பொண்ணு, ரொம்ப கஷ்டப்பட்டுருச்சுன்னு. நான்தான் சொன்னேன், சொன்னா செய்யும்னு."

வேளை முடியும்வரை வெளியே காத்திருந்தேன். எல்லாரையும் மெஷினில் இருந்து கழற்றி, தரையைத் துடைத்த பிறகு, ஏணியை எடுத்து வந்து அந்த மூலையில் சாய்த்தேன். மணியம் அண்ணன் கார் வந்தும் போகவில்லை. கையில் கட்டோடு மறுபடி நாற்காலியில் சாய்ந்து படுத்துக்கொண்டார்.

பலகையைத் தூக்கி, சட்டத்தை நகர்த்தி, இறக்கி வைத்தேன்.

"இப்ப?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் எடது பக்கம் தள்ளும்மா."